முற்றம் மரபிலிருந்து வந்ததா, காணியிலிருந்தா? ஏனா டி சில்வா வீடும் ஜெப்ரி பாவாவின் கொழும்புக் கட்டடங்களும்

கொழும்பு 3, அல்பிரட் பிளேசில் 1960க்கும் 1962க்கும் இடையில் எழுந்த ஏனா டி சில்வா வீட்டை இலங்கையின் சூழலியல் கட்டடக்கலைக்குத் தொடக்கமாகக் கொள்வது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. அந்த வாசிப்பின்படி, கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா நவீனத்தின் கண்ணாடிப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, சிங்களப் பிரபுக்களின் வளவ்வ வீட்டின் நடுமுற்றத்தை மீட்டெடுத்தார்; அந்த மீட்பே அவருடைய லுனுகங்கத் தோட்டத்திலும் 1994இல் நிறைவெய்திய கண்டலம ஹோட்டலிலும் முழுமை பெற்றது. ஒரே நூலில் கோத்த மணிகளாக ஒரு வாழ்நாள் உழைப்பு நம்முன் வைக்கப்படுகிறது. அந்த நூலை அறுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அல்பிரட் பிளேஸ் வீட்டின் முற்றத்தை மரபு மட்டும் தந்துவிடவில்லை என்பதும், சுருங்கிப்போன நகரக் காணி அதைக் கட்டாயப்படுத்தியது என்பதும் என் கருத்து. அப்படியானால் பாவாவின் சூழலியல் முக்கியத்துவத்தைத் தேடவேண்டிய இடம் காடும் ஏரியும் சூழ்ந்த ஹோட்டல்களில் இல்லை. அது கொழும்பின் ஒழுங்கைகளில் இருக்கிறது.

வீட்டின் அமைப்பை முதலில் நெருங்கிப் பார்ப்போம். காணி சுமார் 30 பேர்ச்சஸ். 750 சதுர மீற்றரை ஒட்டியது. வீதியிலிருந்து பார்ப்பவருக்கு மதிலும் ஓட்டுக்கூரையுமே தெரியும். உள்ளே போனால் நடுவில் பெரிய முற்றம். தரையில் கூழாங்கற்கள், அவற்றிடையே பழைய அரைகற்கள். முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தைக் கருங்கல் அடிகளில் நிறுத்திய முதிரைமரத் தூண்கள் தாங்குகின்றன. ஓரங்களில், அறைக்கும் மதிலுக்கும் இடையே, சிறிய முற்றங்கள் செருகப்பட்டிருக்கின்றன. அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் இந்த முற்றங்களிலிருந்துதான் வருகின்றன. வீதியைப் பார்த்தோ அயலவரைப் பார்த்தோ வீடு திறப்பதில்லை.

மரபு வாசிப்பு சறுக்குவது இங்கேதான். வளவ்வ வீட்டுக்கு நடுமுற்றம் உண்டு. ஆனால் அந்த வீடு தென்னையும் பலாவும் நின்ற விரிந்த வளவின் நடுவில் இருந்தது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் அப்படித்தான். வேலிக்குள் பெரிய வளவு, கிணற்றடி, கோடிப்புறம் எல்லாம் இருக்க, அவற்றுக்கு மேலதிகமாக உள்ளே ஒரு முற்றம். நெல் காயப்போடவும் சடங்கு நடத்தவும் பெண்கள் புழங்கவும் அது உதவியது. காற்றுக்கு வெளி யன்னல்களும் இருந்தன. அல்பிரட் பிளேசில் அந்த வெளிப்புறம் இல்லை. வளவு முழுவதும் வீட்டுக்குள் புகுந்து முற்றமாகிவிட்டது. தோட்டத்துக்குத் துணையாக இருந்த முற்றம் தோட்டத்தின் இடத்தையே பிடித்துக்கொண்ட இந்த மாற்றத்தை ‘மீட்பு’ என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. முன்னோடி தேடியே ஆகவேண்டுமென்றால், காலிக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீதியை ஒட்டி நின்ற ஒல்லாந்தர் காலத்து ஒட்டுச்சுவர் வீடுகள் கிராமத்து வளவ்வவை விடப் பொருத்தமானவை.

அந்தக் காணி ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது? அல்பிரட் பிளேஸ், அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ் ஆகிய வீதிகள், 1870இல் அல்பிரட் இளவரசருக்கு விருந்தளித்த டி சொய்சா குடும்பத்தின் பெருந்தோட்டம் துண்டாடப்பட்ட நிலத்தில் பிறந்தவை. கொள்ளுப்பிட்டியும் கறுவாத்தோட்டமும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இப்படிப் பிரிந்து பிரிந்து சிறுத்தன. தோட்டத்தின் நடுவில் தனித்து நிற்கும் பங்களா என்ற காலனிய மாதிரியை 30 பேர்ச்சஸில் வைத்தால், நான்கு பக்கமும் ஒன்றுக்கும் உதவாத ஒடுங்கிய கீலங்கள்தான் மிஞ்சும். அயல்வீட்டு யன்னலும் நேரெதிரே நிற்கும்.

அன்றைய வெப்பவலயக் கட்டடக்கலைப் பாடம் சொன்னது இதற்கு நேர்மாறானது. கட்டடக்கலைஞர்களான மாக்ஸ்வெல் பிரையும் ஜேன் ட்ரூவும் ஈரவலயம் பற்றி 1956இல் வெளியிட்ட நூலின் நெறி தெளிவானது: கட்டடம் ஓர் அறை அகலத்தில் ஒடுக்கமாக இருக்கவேண்டும், எதிரெதிர்த் திறப்புகளால் காற்று ஊடறுத்துப் போகவேண்டும், கட்டடங்களுக்கிடையே தாராளமான வெளி வேண்டும். லண்டனில் படித்து 1957இல் தகுதி பெற்ற பாவா இந்த நெறியை அறியாதவராக இருந்திருக்க முடியாது. இருந்தும் அல்பிரட் பிளேசில் அவர் எல்லைமதிலை மூடினார். கட்டடத்தைத் தடிப்பாக்கி நடுவில் குடைந்தார். காலநிலையே வடிவத்தைத் தீர்மானித்தது என்றால் அவர் எதிர்த்திசையில் போயிருக்கவேண்டும்.

பௌதிகமும் இதையே சொல்கிறது. முற்றம் வீட்டைக் குளிர்விக்கும் என்ற பொதுநம்பிக்கை வறண்ட நிலங்களிலிருந்து வந்தது. அங்கே இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிரும் கனத்த சுவர் பகல் முழுவதும் பயன்படும். கொழும்பில் பகல் உச்சம் 30, 31 பாகை. இரவின் மாதச் சராசரி 22 பாகைக்குக் கீழே போவதில்லை. இவ்வளவு சிறிய இடைவெளியில், அதுவும் இந்த ஈரப்பதத்தில், சுவர் சேமித்து வைக்கும் குளிர் பெரிதாக உதவாது. உடலில் வியர்வை உலரவேண்டும், அதற்குக் காற்று அசையவேண்டும். ஏனா டி சில்வா வீடு இதற்குக் கண்ட வழி, அளவில் வேறுபட்ட பல முற்றங்களை ஒன்றோடொன்று திறந்துவைத்ததே. ஒன்றில் வெயில், இன்னொன்றில் நிழல். ஒன்றில் காற்று இறங்க மற்றொன்றில் ஏறும். ஒற்றை நடுமுற்றத்தை மட்டும் பார்க்கும் மரபு வாசிப்பு, உண்மையில் வேலை செய்யும் சிறு முற்றங்களை ஓரத்து அலங்காரமாகத் தள்ளிவிடுகிறது.

செங்கல், சுண்ணச்சாந்து, மரம், ஓடு ஆகியவை இயற்கைப்பொருள் மீதான பற்றின் விளைவாகப் பேசப்படுகின்றன. பற்று இருந்திருக்கலாம். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, உருக்கும் கண்ணாடியும் கையில் கிடைக்காத பொருள்கள். அதே காலப்பகுதியில் பாவாவும் அவரோடு பணியாற்றிய டென்மார்க் கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரும் பரவலாக்கிய கூரையை நினைவுகூரலாம்: நெளிவுள்ள அஸ்பெஸ்டோஸ் சீமெந்துத் தகட்டின் மேல் அரைவட்ட ஓட்டைப் பதிப்பது. மலிவு, ஒழுக்கு இல்லை, சரிவும் குறைவாகப் போதும். மேலிருந்து பார்த்தால் பழைய ஓட்டு வீடு. இன்றைய பசுமை அளவுகோலில் இதற்கு எங்கே இடம்? தட்டுப்பாட்டில் பிறந்த சாமர்த்தியம் அது. அந்தப் பெயரிலேயே மதிக்கத்தக்கது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. கனமானது, வீட்டுக்காரியின் விருப்பம் பற்றியது. மாத்தளை அலுவிகாரை குடும்பத்தில் பிறந்தவரும், பொலிஸ் மா அதிபராக இருந்த ஒஸ்மண்ட் டி சில்வாவின் மனைவியுமான ஏனா, மரபு வீட்டின் சாயல் கொண்ட நவீன வீட்டைத்தான் கேட்டார் என்பது பதிவானது. அதை நான் மறுக்கவில்லை. முற்றத்தின் தோற்றமும் தூணும் அரைகல்லும் ஏன் அப்படி இருக்கின்றன என்பதை அது விளக்கும். வெளிப்புறத் தோட்டம் ஏன் இல்லாமற்போனது என்பதை விளக்காது. பிளெஸ்னரும் பார்பரா சன்சோனியும் லக்கி சேனாநாயக்கவும் இஸ்மெத் ரஹீமும் அக்காலத்தில் பழங்கட்டடங்களை அளந்து வரைந்தது இரண்டாவது வாதம். அந்த வேலை கண்ணைப் பழக்கியது, காணியைப் பெருக்கவில்லை. பாவா காணியைப் பற்றி எங்கும் எழுதவில்லையே என்பது மூன்றாவது. அவர் கோட்பாடு என்று எதையும் பெரிதாக எழுதியவரல்ல. இலங்கையின் நல்ல பழங்கட்டடங்களை ஒல்லாந்தர், போர்த்துக்கேயர், சிங்களவர் என்று பிரிக்காமல் நல்ல இலங்கைக் கட்டடங்களாகவே பார்க்கவேண்டும் என்ற பொருளில் அவர் சொன்னதும் ஒற்றை இன மரபுக்குச் சாதகமான சாட்சியல்ல.

2009க்குப் பின் நடந்தது எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது. காணி அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு விற்கப்பட்டது. வீடு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, கற்களும் மரங்களும் இலக்கமிடப்பட்டு, பென்தோட்டைக்கு அருகே லுனுகங்கத் தோட்டத்தை ஒட்டி மீண்டும் எழுப்பப்பட்டு, 2016இல் திறக்கப்பட்டது. இடித்துத் தூளாக்குவதை விட இது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அங்கே அந்த மதில் எதை மறைக்கிறது? சுற்றிலும் மரமும் வெளியும் இருக்க, அயலவரே இல்லாத இடத்தில் ஒரு வீடு உள்நோக்கித் திரும்பி நிற்கிறது. தூண், கல், ஓடு எல்லாம் வந்தன. அவற்றுக்குக் காரணமாக இருந்த 30 பேர்ச்சஸ் வரவில்லை. நகரத்து வீடு தோட்டத்துக்குப் போனபோது, இரண்டையும் ஒரே நூலில் கோத்து ஆய்வுலகம் ஏற்கெனவே செய்திருந்த இணைப்பு செங்கல்லிலும் நிறைவேறியது.

பாவாவின் நகரச் சிந்தனையை இடம்மாறாத நிலையில் காண, கொழும்பு 33ஆம் ஒழுங்கையிலுள்ள அவருடைய சொந்த 11ஆம் இலக்க வீட்டுக்குப் போகவேண்டும். 1958இல் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றோடு தொடங்கி, பத்தாண்டுகளில் நான்கையும் சேர்த்து, இடையிடையே கூரையைத் திறந்து சிறுசிறு வானவெளிகளை அவர் உண்டாக்கினார். வளவ்வவும் இல்லை, பெருமுற்றமும் இல்லை. ஆள் நிற்குமளவு இடத்தில்கூட வெளிச்சம் இறங்குகிறது. அதே தேடலின் உயர்மாடி வடிவம் 1976–78இல் எழுந்த 12 மாடி அரச ஈட்டு வங்கிக் கட்டடம், பின்னாளில் மகாவலிக் கட்டடம். வளிச்சீராக்கியை நம்பாமல் காற்றை உள்வாங்கும்படி அதன் திட்டவடிவும் திறப்புகளும் வகுக்கப்பட்டன.   1977இல் பொருளாதாரம் திறந்தபின் கண்ணாடியும் வளிச்சீராக்கியும் தாராளமாகக் கிடைத்தன, நகரம் இந்த வழியை விட்டு விலகியது. தட்டுப்பாடு நீங்கியதும் வழக்கம் மாறியதென்றால், அதற்குமுன் இருந்தது ஆழ வேரூன்றிய சூழல் தத்துவம் என்று எப்படிச் சொல்வது?

சுருங்கிய காணியின் சிக்கல் இன்றும் தொடர்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தொண்ணூறுகளுக்குப் பின் எழுந்த தொடர்மாடிகளில் கடற்காற்று முதல் வரிசைக்கு மட்டும் கிடைக்கிறது. பின்வரிசையில் குளியலறைக் குழாய்கள் இறங்கும் ஒடுங்கிய வெளியே படுக்கையறைக்கும் யன்னலாகிறது. கொட்டாஞ்சேனையின் பழைய ஒட்டுச்சுவர் வீடுகளில் பின்முற்றத்துக்குத் தகடு போட்டு அறையாக்குகிறார்கள். இந்த இடங்களுக்குக் கண்டலம எதையும் சொல்லாது.  33ஆம் ஒழுங்கை சொல்லும். எனவே பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பாவாவின் எஞ்சியுள்ள கொழும்பு வீடுகளிலும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் ஒரே சித்திரை மாதத்தில், ஒரே கருவிகளால், வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் அளந்து வெளியிடுங்கள். இன்னொரு வீட்டைக் கழற்றித் தோட்டத்துக்கு அனுப்புவதற்குமுன் அந்த அளவுகள் நம் கையில் இருக்கவேண்டும்.