பி.பி. செட்டும் கரிசல் மண்ணும்

சைக்கிளின் இரு கிராங்குகளையும் இணைக்கும் அச்சு, இருபுறக் கப்புகள், பால்ரஸ் குண்டுகள் மூன்றும் சேர்ந்ததே பி.பி. செட். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலை ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைச் செய்தது. அந்தக் காலத்துக் கருப்பு வண்டிகளில் இருந்தது திறந்த கப் முறை: பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டுகள் 11, கிராங்கை அச்சோடு இறுக்க ஒரு காட்டர் பின்.

பரளச்சி, திருச்சுழி வட்டாரக் கரிசல் மண்ணுக்கு இந்த முறை எளிதில் இடம்கொடுத்துவிடும். கோடையில் நுண்தூசி, மழையில் ஒட்டும் சேறு; இரண்டும் கிரீஸில் கலந்து கப்பை அரித்துக் குழியாக்கும். ஆனாலும் இதன் பெரிய பலம், பிரித்துப் பார்க்க முடிவதுதான். ஓவராயில் செய்யும்போது மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த குண்டுகளை மாற்றி, புதுக் கிரீஸ் தடவி, இடக் கப்பை ஆட்டமில்லாமல் திருகிப் பூட்டு வளையத்தால் நிறுத்துவார்கள். வலக் கப்பின் மரை எதிர்த்திசையில் சுற்றும். அதை அறியாமல் பலத்தைக் காட்டினால் மரையே போகும். காட்டர் பின் தளர்ந்தபின் மிதித்தாலோ கிராங்கின் துளை சிதையும்.

பின்னர் பரவிய மூடிய கார்ட்ரிட்ஜ் தூசியை நன்கு தடுக்கிறது, பராமரிப்பும் கேட்பதில்லை. தேய்ந்தால் முழுதாக மாற்ற வேண்டும். 2000களில் வந்த வெளிக் கப், அழுத்திப் பொருத்தும் வகைகள் எடை குறைந்தவை. ஆனால் அவற்றுக்குத் தனிக் கருவிகள் வேண்டும். சுத்தியலும் ஸ்பானருமே உள்ள கிராமத்துக் கடைக்குத் திறந்த கப்பே இன்றும் உகந்தது.