பொருத்தில் பிறந்த அழகு: அமெரிக்கக் கைவினைப் பூல் கியூக்களில் எளிய மரவேலையும் பதிப்பு வேலையும்

அமெரிக்காவில் கையால் செய்யப்படும் பூல் கியூக்களின் (பந்தடிக்கும் தடிகளின்) ரசிகர்கள் நெடுங்காலமாக இரு கட்சிகளாக நிற்கிறார்கள். தந்தமும் சிப்பியும் வெள்ளியும் பதித்த கியூவே கலை என்பது ஒரு சாராரின் கொள்கை. நல்ல மேப்பிள் மரமும் தடியில் தெரியும் நான்கு ஈட்டி வடிவக் கூர்முனைகளும் போதும், மிச்சமெல்லாம் ஆடம்பரம் என்பது மறு சாராரின் கொள்கை. எளிமை என்று இன்று போற்றப்படும் அந்தக் கூர்முனைகள் ஒரு தச்சுத் தேவையிலிருந்து பிறந்தவை. தேவை தளர்ந்த பிறகு அவை அழகுக்காக நிலைத்தன. பதிப்பு வேலை அவற்றின் வழியாகவே பெருகியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1807 வாக்கில் பிரான்சின் ஆட்டக்காரர் மாங்கோ கியூவின் நுனியில் தோல் வில்லையைப் பொருத்தினார். பந்தைச் சுழல வைத்து அடிப்பது அதன்பின் சாத்தியமாயிற்று. தடியின் எடை எங்கே நிற்கிறது என்பதும் முக்கியமாயிற்று. முன்பக்கம் விறைப்பும் இலேசும் வேண்டும், அதற்கு மேப்பிள். பின்பக்கம் கனம் வேண்டும், அதற்குக் கருங்காலி போன்ற அடர்ந்த மரம். இரண்டையும் முட்டவைத்து ஒட்டினால் அடியின் அதிர்ச்சியில் பிரிந்துவிடும். ஆகவே கருமரத்தை நான்கு நீண்ட பற்களாக அறுத்து, மேப்பிளில் வெட்டிய பிளவுகளுக்குள் செலுத்திப் பசையிட்டு இறுக்கினார்கள். இதுவே முழுப்பொருத்து. கடைசலில் உருட்டி மெலிய வைத்ததும் அந்தப் பற்கள் ஈட்டி முனைகளாகக் கண்ணுக்குத் தெரிந்தன. பற்களின் ஓரமாக வண்ண வெனீர்த் தகடுகளைச் சேர்த்தபோது ஒவ்வொரு முனையும் கரை போட்டாற்போல் மின்னியது. பொருத்து அப்போதே அலங்காரமாகத் தொடங்கிவிட்டது.

பரிசுக் கியூக்களில் தந்தம் பதிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு; சாதாரண ஆட்டக்காரர் கையில் இருந்ததோ கூர்முனைக் கியூதான். பிரன்ஸ்விக் நிறுவனம் ஆட்டக்கூடங்களுக்கு விற்ற டைட்டிலிஸ்ட் என்ற ஒற்றைத்துண்டுக் கியூ இவ்வகையில் புகழ்பெற்றது. சிகாகோவின் ஹெர்மன் ராம்போ போன்றோர் அதை இரண்டாக அறுத்து, நடுவில் திருகு வைத்துச் சொந்தக் கியூவாக மாற்றித் தந்தார்கள்.

ரஷ்யாவில் 1912இல் பிறந்து, 1924இல் அமெரிக்கா வந்து, புரூக்ளினில் வாழ்ந்த ஜார்ஜ் பலபுஷ்காவும் 1959இல் டைட்டிலிஸ்டை வைத்தே கியூ செய்யத் தொடங்கினார். பின்னாளில் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோரிடம் முனை ஒட்டிய கட்டைகளை வாங்கினார். கியூ உலகின் மிகப் பெரிய பெயர் பதிந்த கியூக்களில் பலவற்றின் முனைகள் வேறொருவர் கைவேலை! சிப்பிப் பொட்டுகளும் சிறு வைர வடிவங்களும்தான் அவர் பெரும்பாலும் பதித்தவை. கட்டையின் நேர்மை, கடைசலின் சரிவு, வளையங்களின் ஒழுங்கு ஆகியவையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அவர் 1975இல் மறைந்தார்.

சாம்போட்டி கையாண்ட அரைப்பொருத்து இந்த வரலாற்றின் திருப்புமுனை. மேப்பிள் கட்டையில் ஆங்கில 'வி' வடிவில் நான்கு பள்ளங்கள் வெட்டுவார்கள். அடியில் ஆழமாகத் தொடங்கும் பள்ளம் நுனி நோக்கி மேலேறி வெளிப்பரப்பில் மறையும். அதில் சதுரக் கருமரத்தை, ஒரு விளிம்பு உள்ளே போகும்படி ஒட்டிக் கடைவார்கள். பள்ளத்தின் சரிவு மிக மெல்லியது. ஆழம் ஒரு மயிரிழை கூடினாலும் முனை சில மில்லிமீட்டர் தள்ளிப்போய் விழும். நான்கு முனைகளும் ஒரே உயரத்தில் நிற்பதுதான் கைத்திறனுக்கு உரைகல். ஆனால் கைப்பிடியை மேப்பிளோடு பிணைக்கும் வேலை இப்போது முனைகளுக்கு இல்லை. அதை நடுவில் இறங்கும் முளை பார்த்துக்கொள்கிறது. முனை முழுக்க முழுக்கக் காட்சிப் பொருளாயிற்று.

அப்படியானால் முனைக்குள் ஒரு வைரம் ஏன் கூடாது, முனைகளுக்கு நடுவே ஒரு தந்த ஈட்டி ஏன் கூடாது? 1960களில் கலிஃபோர்னியாவில் ஜீனாக்யூ நிறுவனத்தைத் தொடங்கிய எர்னி குட்டியரஸ் இந்தக் கேள்வியை முழுமூச்சாக எடுத்துக்கொண்டார். தந்தமும் கருங்காலியும் மாறிமாறி வரும் அவருடைய வடிவக்கணிதக் கோலங்கள் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டின. அச்சுத்தகட்டைத் தடவிப் படியெடுக்கும் பேன்டோகிராஃப், பிறகு கணினி வழி வெட்டும் சிஎன்சி என்று கருவிகள் வந்ததும் பதிப்பு பெருகியது. சுழலும் வெட்டுளி எவ்வளவு மெலிதானாலும் குழியின் மூலையில் சிறு வளைவை விட்டுச்செல்லும். அந்த மூலையைக் கத்தியால் கூராக்கி, பதிக்கும் துண்டையும் அதற்கேற்பச் சீவுபவரே தேர்ந்தவர். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில், கூர்முனையையே மேலோட்டமாகப் பதித்துப் பொருத்துப்போலக் காட்டும் மேற்பதிப்பு வேலை புகுந்தது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

சட்டமும் தலையிட்டது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் உலக வணிகத்தை நிறுத்தும் முடிவு 1989இல் வந்தது. 2016இல் அமெரிக்கா தன் உள்நாட்டு விற்பனையையும் பெருமளவு முடக்கியது. நம் ஊர் ஈட்டி மரத்தின் இனமான பிரேசில் ரோஸ்வுட்டின் உலக வணிகத்துக்கு 1992 முதல் தடை. பழைய பொருள்கள் அரிதாக, வேலையின் நேர்த்தியே விலையை நிர்ணயிக்கும் நிலை வலுத்தது. நேர்த்தியோடு பெயரும் விலையை ஏற்றியது. 1986இல் வெளிவந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பலபுஷ்கா என்று காட்டப்பட்டது ஜாஸ் நிறுவனத்தின் கியூ. அந்தப் பெயரை நாடி விலை ஏறியதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

ஆட்டத்துக்கு எது உதவும் என்று கேட்டால், நுனித்தோலும் மேல்தண்டும் இணைப்புத் திருகும்தான் பந்தோடு பேசுகின்றன. ஆழமில்லாத பதிப்பு பெரிதாகக் கெடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. ஆகவே பழைய கியூக்களைப் பட்டியலிடுவோரும் சேகரிப்போரும் எத்தனை பதிப்பு என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், முழுப்பொருத்தா, அரைப்பொருத்தா, மேற்பதிப்பா, கட்டையை வெட்டியவர் யார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். முனை வெட்டிய பலரின் பெயர் கியூவில் இல்லை; ஆவணத்திலாவது இருக்கட்டும்.