தராசும் தாயின் கூலியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குக் கோடையில் பயணம் செய்வோர் வறண்ட கண்மாய்களையும், குண்டாற்று மணலையும், சீமைக்கருவேலங் காட்டினிடையே எழும் கரிமூட்டப் புகையையும் காண்பர். வானம் பார்த்த இத்தகைய பூமியில் ஏழையின் குழந்தை ஏன் நலிகிறது? அறிஞர்கள் இவ்வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை பகர்ந்துள்ளனர்.

1980இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிற்று. பின்னர் அது பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் விரிந்தது. 1985 வரை நம் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் சத்துருண்டை அளித்தனர். எடை தேறியதும் நிறுத்திவிட்டனர். எல்லோர்க்கும் சோறிடுவதே அறமென்று வளர்ந்த நமக்கு இச்சிக்கனம் சற்று விந்தையாகவே படுகிறது. ஆயினும் கடுமையான ஊட்டக்குறைவு இதனால் குறைந்ததை ஆய்வாளர் ஒப்புக்கொண்டனர். தராசைக் குறைகூற நமக்கு மனமில்லை.

நம்மை உறுத்துவது அத்திட்டத்தின் அடிப்படைக் கருத்தே. ஊட்டக்குறைவுக்கு வறுமை மட்டுமன்று, தாயின் தவறான வளர்ப்பு முறையும் காரணம் என்று அது கொண்டது. எனவே தாய்க்கு அறிவூட்டுவது அதன் தலையாய பணியாயிற்று.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மருத்துவச்சிகளுடன் பணியாற்றிய கனடா நாட்டு மருத்துவர் ஷீலா சர்பிரிக், 1984இல் ‘ராக்குவின் கதை’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். நிலமற்ற கூலிப்பெண் ராக்குவின் குழந்தை வயிற்றுப்போக்கால் மடிகிறது. ராக்குவுக்கு அறிவில்லையா, அன்பில்லையா? நோயுற்ற குழந்தையின் அருகே அமர்ந்தால் அன்றைய கூலி போயிற்று; கூலி போனால் வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்குக் கஞ்சியில்லை. எந்த வகுப்பில் இதற்கு விடை கற்பிப்பது? நோயின் வேர் உடலில் மட்டுமன்றி நிலவுடைமையிலும் கூலியிலும் இருக்கிறது என்று அந்நூல் வாதிட்டது. களை பறிக்கும் பெண்களை அன்றாடம் காணும் நமக்கு இது புதிதன்று. ஆராய்ச்சியுலகம் அதைக் காது கொடுத்துக் கேட்டதே புதிது.

1985இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய அறிஞர் கேரளம், இலங்கை, சீனம், கோஸ்டாரிக்கா ஆகியவற்றை ஆராய்ந்தனர். செல்வம் குறைந்த இடத்திலும் பெண்கல்வியும், எட்டும் தொலைவில் மருத்துவமும், அனைவர்க்கும் உணவும் இருந்தால் ஆயுள் நீளும் எனக் கண்டனர். 2008இல், மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம், சமூக அநீதி பெருமளவில் மக்களைக் கொல்கிறது என்றே எழுதிற்று. ராக்கு சொல்லாமற் சொன்னதை உலகம் ஏட்டில் பதிக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டாயிற்று.

2018இல் நடுவண் அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் விருதுநகரும் இராமநாதபுரமும் இடம்பெற்றன. 49 குறியீடுகளால் மாவட்டங்களை அளந்து வரிசைப்படுத்தினர். நற்செய்தியே. ஆனால் மாவட்டச் சராசரி என்னும் ஒரே எண்ணுக்குள் ஆலைகள் நிறைந்த இராசபாளையமும் அடங்கும், கரிமூட்டம் போடும் திருச்சுழிக் குடும்பமும் அடங்கும். அவ்வெண் உயரும்போது இவ்விரண்டில் எது உயர்ந்தது என்பதை அவ்வெண்ணைப் பார்த்து நாம் அறிய இயலாது.