உயிர் தானே தோன்றுதல்

தாய் தந்தையோ வித்தோ இன்றி, சேறு, வியர்வை, அழுகிய இறைச்சி முதலிய ஜடப் பொருள்களினின்றே ஜீவராசிகள் உற்பத்தியாகும் என்னும் கொள்கை. பதினேழாம் நூற்றாண்டு வரையில் இதனை ஐயுற்றவர் மிகச் சிலரே. விலாங்கு மீனுக்குச் சினை இருப்பதை எவரும் கண்டதில்லையாதலின், அது சேற்றிலிருந்து பிறக்கிறது என்று கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் முடிவு கட்டினார். நம் முன்னோரும் உயிர்களின் நால்வகைத் தோற்றத்தைக் கூறுமிடத்து, கருப்பை, முட்டை, வித்து ஆகிய மூன்றோடு வியர்வையையும் சேர்த்தெண்ணி, பேன் முதலியவற்றைச் சுவேதசம் என்று வழங்கினர். வான் ஹெல்மாண்டு என்னும் பிளாண்டர்ஸ் நாட்டு வைத்தியரோ, கோதுமை நிறைந்த பாத்திரத்தின் வாயில் அழுக்குச் சட்டையைத் திணித்து 21 நாள் வைத்திருந்தால் எலிகள் உண்டாகும் என்று, ஊறுகாய்க்குப் பக்குவம் சொல்வது போல் எழுதி வைத்தார். கோதுமையை நாடி எலி வெளியிலிருந்து வந்திருக்கலாமே என்று அவர் ஏன் நினைக்கவில்லை என்பது எலியின் பிறப்பைக் காட்டிலும் பெரிய விந்தை.

இக்கொள்கையைப் பரீட்சையின் வாயிலாக முதன்முதலில் அசைத்தவர் பிளாரன்ஸ் நகரத்து அரண்மனை வைத்தியராகிய பிரான்செஸ்கோ ரெடி. இறைச்சியிட்ட பாத்திரங்களிற் சிலவற்றைத் திறந்து வைத்தும், சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் பார்த்து, ஈ உட்கார இடமற்ற இறைச்சியில் புழு வைப்பதில்லை என்று 1668-ல் அவர் வெளியிட்டார். ஆயினும், மரத்தின் கழலைகளுக்குள் காணப்படும் புழுவை அம்மரமே ஈனுகிறது என்று அவரும் நம்பியே இருந்தார்.

அதன்பின் சில ஆண்டுகளுக்குள் லேவன்ஹூக் தம் பூதக்கண்ணாடியில் நுண்ணுயிர்களைக் காணவே, புழுவிடத்தில் தோற்ற கொள்கை கிருமியிடத்தில் புத்துயிர் பெற்றது. நீடாம் என்ற ஆங்கிலப் பாதிரியார் கொதிக்க வைத்துத் தக்கையிட்டு அடைத்த ஆட்டிறைச்சிச் சாற்றிலும் கிருமிகள் தோன்றின. இத்தாலியரான ஸ்பல்லன்சானி குடுவையின் வாயை உருக்கி மூடி நெடுநேரம் காய்ச்சியபோது தோன்றவில்லை. அவ்வளவு கடுமையாகக் காய்ச்சினால் சாற்றிலுள்ள ஜீவசக்தியே மாண்டுவிடும் என்று நீடாம் மறுத்ததால் விவாதம் நின்ற இடத்திலேயே நின்றது.

1859-ல் ரூவன் நகரத்துப் பூஷே இக்கொள்கையை ஆதரித்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்ட பிறகு, விவகாரம் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் வழக்காகவே வந்துவிட்டது. லூயி பாஸ்டர் குடுவையின் கழுத்தை அன்னத்தின் கழுத்துப் போல் வளைத்து நீட்டி, காற்றுத் தாராளமாக உட்செல்லவும் அதிலுள்ள தூசி மட்டும் வளைவிலே தங்கிவிடவும் செய்து, உள்ளே காய்ச்சிய சாறு எத்தனை காலமானாலும் கெடாமலிருப்பதையும், குடுவையைச் சாய்த்துத் தூசியில் படும்படி செய்தவுடன் கெட்டுப் போவதையும் காட்டினார். அதனோடு அமையாமல், ஈஸ்ட்டுச் சாறு நிறைந்து மூடிய குடுவைகளைச் சுமந்து சென்று, ஜூரா மலையடிவாரத்தில் இருபதையும், மலைமேல் இருபதையும், ஆல்ப்ஸ் மலைப் பனியாற்றின்மேல் இருபதையும் திறந்து மூடினார். முறையே எட்டும் ஐந்தும் ஒன்றுமே கெட்டன. 1862-ல் கழகத்தின் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பூஷே வாளாவிருக்கவில்லை. மறு ஆண்டு நண்பர்கள் இருவரோடு பிரனீஸ் மலையேறி, வைக்கோற் கஷாயம் நிறைந்த தம் குடுவைகளைத் திறந்தார்; யாவற்றிலும் கிருமிகள் பெருகின. பின்னர்க் கழகத்தார் விசாரணைக் குழு அமைத்தபோது அவர் விலகிக்கொண்டமையால், உலகம் பாஸ்டருக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானதே, ஆனால் தோற்றவர் கண்டதும் பொய்யன்று. வைக்கோலில் வாழும் ஒருவகைக் கிருமி, கொதிநீருக்கும் அழியாத வித்துருவில் உறங்கிக் கிடக்கும் என்பதைப் பெர்டினாண்டு கோன் 1876-ல் விளக்கினார். அவ்வித்து முளைத்தெழ இடைவெளி விட்டுவிட்டுப் பன்முறை காய்ச்சினால் அதுவும் மாளும் என்று டிண்டால் அடுத்த ஆண்டில் காட்டினார். பாஸ்டர் ஈஸ்ட்டுச் சாற்றுக்கு மாறாக வைக்கோலை எடுத்திருந்தால், சரித்திரம் சில காலமேனும் வேறு வழியில் சென்றிருக்கும்.

உயிரினின்றே உயிர் என்பது இவ்வாறு ஸ்தாபிதமாகவே, முதல் உயிர் எதனின்று வந்தது என்ற வினா முன்னிலும் கூர்மையாக எழுந்தது. வெதுவெதுப்பான சிறு குளம் ஒன்றில் அது ரஸாயன முறையில் உருவாகியிருக்கலாம் என்றும், இன்று அப்படி ஒரு பொருள் உண்டானால் உள்ள ஜீவன்கள் அதனை உடனே உட்கொண்டுவிடும் என்றும் டார்வின் 1871-ல் நண்பர் ஹூக்கருக்கு எழுதினார். இக்கருத்தை 1924-ல் ருஷிய நாட்டு ஓபாரினும், 1929-ல் ஆங்கிலேயராகிய ஹால்டேனும் தனித்தனியே சாஸ்திரமாக வளர்த்தனர். இந்த ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியப் பிரஜையாகி, புவனேசுவரத்தில் 1964-ல் காலமானார்.

எதனை உயிர் என்பது என்ற எல்லையும் இதற்கிடையே கலங்கிற்று. 1935-ல் ஸ்டான்லி என்னும் ரஸாயன நிபுணர் புகையிலைத் தேமல் நோயின் வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கினார். உண்ணாமலும் மூச்சுவிடாமலும் சீசாவில் கிடக்கும் அப்பொடி, இலையில் தேய்த்தவுடன் கோடிகோடியாகப் பெருகிற்று.

முதல் உயிரைப் பற்றிய ஓபாரின், ஹால்டேன் கருத்தைப் பரீட்சிக்க, சிக்காகோ சர்வகலாசாலையில் பேராசிரியர் யூரேயின் மாணவரான மில்லர் என்பவர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கருவிக்குள் சுழலவிட்டு, அவற்றினூடே மின்பொறியைப் பாய்ச்சினார். ஒரு நாளில் நீர் இளஞ்சிவப்பாயிற்று. ஒரு வாரத்தில் செக்கச்சிவந்து கலங்கிற்று. அதில் அமினோ அமிலங்கள் இருந்ததை 1953-ல் அவர் அறிவித்தார். அவற்றை ஏதேனும் ஒரு கிருமி உண்டாக்கிற்று என்று பழைய வழக்கு மீண்டும் எழாதிருக்கும்பொருட்டு, உயிரின் மூலத்தைத் தேடிய அச்சாற்றிலே அவர் மெர்க்குரிக் குளோரைடு என்னும் வீரத்தைக் கலந்து வைத்தார்.