தானே எழுதிக்கொடுத்த ஆளோலை

திருவெண்ணெய்நல்லூரிலே முதியவர் ஒருவர் ஓலையொன்றைக் காட்டிச் சுந்தரரை வழக்குக்கு இழுத்த கதையைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். பாட்டனார் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஆளோலையைச் சுந்தரர் ஏற்க மறுத்தார், வழக்காடினார், தோற்றார். தோற்ற பின்னரே தம்மை ஆட்கொண்டவர் யாரென அறிந்தார்.

1677 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் திகதி கோவாவில் ஓர் இளங்குரு தமக்குரிய ஆளோலையைத் தாமே எழுதினார். மரியன்னையின் நிரந்தர அடிமையாகத் தம்மை ஒப்புக்கொடுக்கும் சாசனம் அது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அவரே யோசேவாஸ் அடிகளார். கொங்கணி பேசும் பிராமண மரபிலிருந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய குடும்பத்திற் பிறந்தவர். அத்தகைய குலப்பெருமை உடைய ஒருவர் 'அடிமை' என்ற சொல்லைத் தம் பெயருக்குப் பக்கத்தில் எழுதியது அக்காலத்தில் சிறிய காரியமன்று.

எழுதிய ஓலைக்கு விலை கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. இலங்கையின் கரையோரம் அன்று ஒல்லாந்தர் வசம் இருந்தது. கத்தோலிக்கக் குருமாரை அவர்கள் 1658 இலேயே தடை செய்திருந்தனர். மேய்ப்பரற்ற மக்களைத் தேடி அடிகளார் கூலியாள் கோலம் பூண்டு, ஜோன் என்ற ஊழியருடன் புறப்பட்டார். தூத்துக்குடி வழியாக 1687 இல் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது நோயினால் நடக்கவும் வலுவற்றிருந்தார். தேறிய பின் சில்லாலையைத் தங்குமிடமாகக் கொண்டு இரவுகளில் மறைவாகப் பணியாற்றினார்.

1692 இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ் சாட்டிச் சிறையிட்டார்கள். வேறொருவராயின் காலம் வீணாயிற்றே என்று கலங்கியிருப்பார். அவர் சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார்.

1697 இல் கண்டி நகரைப் பெரியம்மை சூறையாடியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டு அகன்றான். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டோரம் விட்டுச் சென்றனர். அடிகளாரும் உறவினரான கார்வாலோ அடிகளாரும் மட்டும் அவர்களைத் தேடிப் போனார்கள். புண்ணைக் கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி பௌத்தனா கத்தோலிக்கனா என்று பார்க்கவில்லை. வாதத்தாலும் நூலாலும் பெற முடியாத நன்மதிப்பை அந்தக் கைகள் பெற்றுத் தந்தன.

நான் வாழும் யட்டவத்தவும் அன்று கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட மண்தான். இதே மாத்தளை மாவட்டத்தின் வாஹக்கோட்டையில் போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கர் இன்றும் புனித அந்தோனியார் ஆலயத்தைச் சூழ வாழ்கிறார்கள். கண்டி இராச்சியத்தில் அந்த விசுவாசம் அணையாமல் இருந்ததற்கு அடிகளாரும் அவர் வழிவந்த குருமாருமே முக்கிய காரணம்.

ஆயினும் மாத்தளைத் தமிழனாகிய எனக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அடிகளார் வந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின், தமிழகத்திலிருந்து எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த அவர்களிற் பலர் வழியிலேயே மாண்டார்கள். அடிகளாருக்குக் கூலிக்கோலம் தாமே விரும்பி அணிந்த உடை. எம்மவருக்கோ அது வறுமையும் கடனும் போர்த்திய உடை. இரண்டையும் ஒன்றாக்கி, 'தாழ்ந்து பணியுங்கள், பரலோகத்தில் பலன் உண்டு' என்று உழைப்பாளிக்குப் போதிப்பது பெரும் அநீதி. தன்னைத் தனக்கு உடைமையாக வைத்திருப்பவனே தன்னைக் கொடுக்க முடியும். பறிக்கப்பட்டதைத் தியாகம் என்று சொல்வது கிறிஸ்துவின் சிலுவைக்கும் அவமானம். அவரும் தம் உயிரைத் தாமாகவே கொடுத்ததாக அல்லவா நற்செய்தி சொல்கிறது?

அப்படியானால் கொடுத்தவருக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? உயர்பதவி தேடி வந்தபோது அடிகளார் மறுத்தார். 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே கண்மூடினார். அவருடைய கல்லறை இருந்த இடங்கூட இன்று தெரியாது. காலிமுகத்திடலில் 1995 இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 2015 இல் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது. மூன்று நூற்றாண்டு கழித்து வந்த இந்த மகுடங்களை எண்ணி அவர் நோயாளியின் புண்ணைக் கழுவவில்லை.

நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியை உவமையாகச் சொன்னார் இயேசு. மடிந்த மணியைத் தோண்டித் தேடினால் கிடைக்காது. கதிரிலேதான் அதைக் காணலாம். அடிகளாரின் கல்லறையைத் தேடுவோருக்கும் விடை அதுவே. சில்லாலையிலும் கண்டியிலும் வாஹக்கோட்டையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே திருப்பலியை ஒப்புக்கொடுக்கும் மக்களே அவர் பெற்ற அழியாத கூலி.