பதினாறு பாத்திகளின் கணக்கு

மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றைக் கூறுவோர், 1867-ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்ட செடிகளைக் கொண்டு தொடங்குவர். கோப்பியை அழித்த இலைநோயைக் கூறுவர். தமிழகத்திலிருந்து நடந்து வந்த மக்களின் துயரையும் கூறுவர். அம்மலைகளில் விளைந்த எண்களைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

கொழுந்துக் கூடை இறங்கும் இடமெல்லாம் எண் பிறக்கின்றது. தராசு தூக்குகிறது; கணக்கப்பிள்ளை எழுதுகிறார்; அன்றைய பேர் முழுப்பேரா அரைப்பேரா என்பது அவ்வெண்ணால் முடிவாகிறது. நெடுங்காலம் கூலிக்கே பயன்பட்ட இந்நிறுவையை வேறொரு கேள்விக்குப் பயன்படுத்த முற்பட்டது, 1925-ஆம் ஆண்டு அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையமாகும். தலவாக்கலையை அடுத்த செயின்ட் கூம்ஸ் தோட்டமே அதன் இருப்பிடமாயிற்று.

பசளை இட்டால் கொழுந்து பெருகுமா என்பதே கேள்வி. கேட்பதற்கு எளிது, விடை காண்பதோ அரிது. மலைச்சரிவின் உச்சியில் மண் கழுவுண்டு போயிருக்கும்; பள்ளத்தில் ஈரம் தங்கியிருக்கும். இயல்பாகவே வளமான பாத்தியில் பசளையை இட்டுவிட்டு விளைச்சலைப் புகழ்ந்தால், அப்புகழ் மண்ணுக்குரியதா, பசளைக்குரியதா?

இதனை ஆராய்ந்தவர் ரி. ஈடன் என்னும் வேளாண் இரசாயனர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் புள்ளிவிவர மேதை ரொனால்ட் பிஷருடன் இணைந்து 1927-இலும் 1929-இலும் கட்டுரைகள் வெளியிட்டவர். இலங்கைக்கு வந்த அவர், எப்பசளையும் இடுவதற்கு முன் எல்லாப் பாத்திகளையும் ஒரே வகையில் பேணி, கொழுந்தை நிறுத்துப் பார்த்தார். இத்தேயிலை ஆய்வைப் பற்றி 1931-இல் எழுதினார். அவர் அளித்த பதினாறு பாத்திகளின் எண்களை, பிஷர் தம் புகழ்பெற்ற புள்ளிவிவர நூலின் 1932-ஆம் ஆண்டுப் பதிப்பில், உடன்மாறல் பகுப்பாய்வு என்னும் புதிய முறைக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். தேநீரில் பால் முதலில் ஊற்றப்பட்டதா பின்னர் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே சொல்வதாகக் கூறிய மாதின் கதை, பிஷரின் 1935-ஆம் ஆண்டு நூலால் உலகறிந்ததாயிற்று. அதைச் சொல்லி மகிழ்வோர் இந்தப் பாத்திகளை மறந்தது ஏனோ!

முறையின் உள்ளம் ஒரு வரைபடத்தில் அடங்கும். கிடைக்கோட்டில் பாத்தியின் முந்தைய விளைச்சல். செங்குத்துக் கோட்டில் பிந்தைய விளைச்சல். பதினாறு புள்ளிகளையும் இட்டால், முன்பு நிறையத் தந்தவை பின்பும் நிறையத் தருவது தெரியும். அவற்றின் ஊடே ஒரு கோடு செல்லும். பின்னர்ப் பசளை இடும்போது, ஒரு பாத்தியை அதன் வெறும் எடையால் மதியாமல், அக்கோட்டுக்கு மேலே எவ்வளவு எழுந்தது, கீழே எவ்வளவு தாழ்ந்தது என்று மதித்தல் வேண்டும்.

அக்காலத்தில் இதைக் கட்டத்தாளில் பென்சிலால் இட்டனர். ஓர் எடை திருத்தப்பட்டால் கோட்டை மீண்டும் கணித்தல் வேண்டும். 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் எஸ் என்னும் புள்ளிவிவரக் கணினிமொழி தோன்றியது. அதன் வழியில் நியூசிலாந்தில் ஆர் பிறந்தது. 2001-இல் பெர்னாண்டோ பெரெஸ் ஐபைதானைத் தொடங்கினார். வலிப்பு நோயாளரின் மூளைக் குறிகளை வரைந்து காண விழைந்த ஜோன் ஹன்டர், 2003-இல் மேட்பிளாட்லிப் என்னும் வரைகருவியை வெளியிட்டார். நிரல் எழுதும் ஏடும் வரைபடத் தாளும் ஒன்றாயின.

இன்று அட்டனில் ஒரு மாணவர் ஈடனின் முறையைச் செய்து பார்க்க விரும்பினால் விலை கொடுக்க வேண்டுவதில்லை. பைதான் மொழியை நிறுவி, விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் நிரல் தொகுப்பியில் பைதான், ஜுபிட்டர் ஆகிய இரு நீட்சிகளையும் சேர்த்தல் வேண்டும். பிளாட்லி என்னும் வரைதொகுதியோடு என்பிபார்மட்டையும் நிறுவ வேண்டும். இதை மறந்தோர்க்குப் படத்திற்குப் பதிலாகப் பிழைச்செய்தியே கிட்டும். போக்குக் கோடு வேண்டுமெனின் ஸ்டாட்ஸ்மாடல்ஸும் உடனிருத்தல் வேண்டும். பின்பு எண்களைத் தந்து ஓட்டினால், எழுதிய வரிகளின் கீழேயே படம் எழும். பாத்தி எண்ணையும் உடன் தந்திருந்தால், சுட்டியைப் புள்ளிமேல் வைத்த மாத்திரத்தில் அது எந்தப் பாத்தி என்று தோன்றும். எடையைத் திருத்தி மீண்டும் ஓட்டினால் கோடு தானே நகரும்.

பாத்திகளுக்கு 1930-களிலேயே வழங்கப்பட்ட இந்த நீதி, கூடை சுமந்த பெண்களுக்குக் கிட்டியதா என்பது வேறு கேள்வி. வளமான மலையில் நிற்பவளுக்கும், முதிர்ந்து வறண்ட செடிகளிடையே நிற்பவளுக்கும் ஒரே நிறை விதிக்கப்படுமாயின், எடை குறைந்த பழி யாரைச் சாரும்? 2021-ஆம் ஆண்டு நாட்கூலி ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, பறிக்க வேண்டிய கிலோ எத்தனை என்பதே தோட்டங்களில் பெரும் பிணக்காயிற்று. மலையின் முந்தைய விளைச்சலைக் கிடைக்கோட்டிலும், பறித்த எடையைச் செங்குத்துக் கோட்டிலும் இட்டுப் பார்த்தால், அப்பிணக்கின் ஒரு பகுதியேனும் கண்ணுக்குப் புலனாகும். அதற்கு வேண்டிய எண்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவை நாள்தோறும் எழுதப்படுகின்றன.