இரண்டு பாபிட்டுகளும் ஒரு ரம்பமும்

பழைய மேஜை ரம்பம் ஒன்றை வாங்கி வந்து வீட்டுப் பட்டறையில் நிறுத்திச் செப்பனிட முற்படுகிறவரின் கண் முதலில் பல் வைத்த வட்டத் தகட்டின் மேல்தான் விழும். ஆனால் அந்த யந்திரத்தின் சரித்திரத்தில் சுலபமாகக் கைவந்த பாகம் அந்தத் தகடே என்பதும், தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் பிரயாசைப்பட்டதெல்லாம் அதைச் சுழற்றும் தண்டுக்கும் அந்தத் தண்டு அமரும் பேரிங்குக்குமே என்பதும், யந்திரத்தை அக்கக்காகக் கழற்றித் தரையில் பரப்பிய பிறகே புலப்படும்.

வட்ட ரம்பத்தின் உற்பத்தியைப் பற்றி அமெரிக்காவில் ரஸமான கதை ஒன்று வழங்குகிறது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஹார்வர்ட் என்னும் கிராமத்தில், பிரம்மசரியத்தையும் பொதுவாழ்வையும் கைத்தொழிலையும் விரதமாகக் கொண்ட ஷேக்கர் சமூகத்தைச் சேர்ந்த டபிதா பாபிட் என்ற பெண்மணி, இருவர் பிடித்து இழுக்கும் ரம்பம் ஒரு திசையில் மட்டும் அறுத்து மறு திசையில் வீணே திரும்புவதைக் கண்டு மனம் பொறாமல், தம்முடைய நூற்புச் சக்கரத்தில் பல் வெட்டிய தகரத் தகட்டைப் பொருத்திச் சுழற்றிக் காட்டினார் என்றும், இது 1813இல் நிகழ்ந்தது என்றும், ஷேக்கர் தர்மத்துக்கு விரோதம் என்று கருதி அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை என்றும் சொல்வார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது. சரித்திர ஆசிரியர்கள் சிலர் இதை நம்புவதில்லை. நம்பினாலும் முதன்மை அவருக்குச் சேராது. இங்கிலாந்தில் ஸவுத்தாம்ப்டனைச் சேர்ந்த ஸாமுவேல் மில்லர் 1777இலேயே பெற்ற காப்புரிமைப் பத்திரத்தில் வட்ட ரம்பம் இடம் பெற்றிருக்கிறது. அதுவும் நூதன வஸ்துவாக அன்று, படிப்பவர் முன்பே அறிந்த சாதனம் போலப் போகிறபோக்கில் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

அந்த ஊரில் அத்தகைய ரம்பம் வழங்கியதற்குக் காரணம் கப்பல். பாய்மரக் கப்பலின் கயிறுகளெல்லாம் மரக் கப்பிகளின் வழியே ஓட வேண்டும். பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படை ஆண்டுக்கு ஒரு லட்சம் கப்பிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. அவற்றைச் செய்து தந்த வால்டர் டெய்லர், ஸவுத்தாம்ப்டனுக்கு அருகே நீர்ச்சக்கரத்தின் பலத்தைக் கொண்டு வட்ட ரம்பங்களை ஓட்டினார். பிறகு அந்த வேலை போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு மாறி, மார்க் பிரூனெல் வகுத்து ஹென்றி மாட்ஸ்லே வார்த்துக் கடைந்து கொடுத்த நீராவி யந்திர வரிசை 1808க்குள் நிறைவெய்தியபோது, நூற்றுப்பத்துப் பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள் என்பது பிரசித்தம். மற்ற நூறு பேரின் கதியைப் பற்றி அந்தப் பிரசித்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

தகடு கிடைத்துவிட்டது; அது வேகமாகச் சுழன்றால்தான் மரம் சுத்தமாக அறுபடும்; வேகம் கூடினாலோ தண்டும் அதைத் தாங்கும் உலோகமும் உராய்ந்து, சூடேறி, ஒன்றையொன்று கடித்து நின்றுவிடும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் கண்டவரும், விந்தையாக, ஒரு பாபிட்தான். அதே மாஸசூஸெட்ஸில் டான்டன் நகரத்தில் பிறந்த ஐசக் பாபிட், பெரும்பகுதி வெள்ளீயமும் சிறிது ஆன்டிமனியும் தாமிரமும் கலந்த மென்மையான உலோகத்தைப் பேரிங்கின் உட்பூச்சாக ஊற்றும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். கதையில் வரும் பாபிட்டை உலகம் கொண்டாடுகிறது. பத்திரத்தில் இருக்கும் பாபிட்டை மெக்கானிக்குகள் மட்டுமே அறிவார்கள். நம் பட்டறைகளில் ஒயிட் மெட்டல் என்று வழங்குவது அவர் வழிவந்ததே.

மிகப் பழைய ரம்பம் வாய்த்தவர், தேய்ந்துபோன அந்த உலோகத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டியிருக்கும். தண்டை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி படியவைப்பது, ஊற்றிய உலோகம் அதில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. வார்ப்பிரும்பு இருக்கையை முன்கூட்டியே சூடேற்றி ஈரத்தை அறவே போக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் தங்கியிருந்தாலும் அது கணத்தில் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் வாரி அடித்துவிடும். ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றி, ஆறிய பின் தண்டு அழுத்தமாகப் படும் இடங்களை மட்டும் சுரண்டிச் சுரண்டிச் சமப்படுத்துவது பொறுமையுள்ளவர்களின் வேலை. பின்னாளில் குண்டு பேரிங் வந்து இந்த வித்தையைப் பெரும்பாலும் அநாவசியமாக்கிற்று.

ஆலையில் இருந்த ரம்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது மின்சார மோட்டார். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஹெர்பர்ட் டாட்ஸ் என்பவர் 1919இல் தொடங்கிய டெல்டா என்ற ஸ்தாபனம், பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்கிற கிருகஸ்தர்களுக்கென்றே சிறிய யந்திரங்களைச் செய்து விற்றது. அக்காலத்து வீட்டு ரம்பங்கள் பலவற்றில் சாய்வாக அறுக்க வேண்டுமானால் மேஜையையே சாய்க்க வேண்டும். கனமான பலகை சரிவில் வழுக்குவதை ஒரு கையால் தடுத்துக்கொண்டு மறு கையால் தள்ள வேண்டும். மேஜை அசையாதிருக்க ரம்பமே சாயும்படி அமைத்த யூனிஸா என்னும் யந்திரத்தை அந்த ஸ்தாபனம் 1930களின் பிற்பகுதியில் வெளியிட்டது. இன்றும் பழைய யந்திரப் பிரியர்கள் தேடி அலைவது அதைத்தான்.

துருவை மண்ணெண்ணெயும் தகட்டுச் சுரண்டியும் கொண்டு நீக்கிவிடலாம். அது கண்ணுக்குத் தெரிகிற குற்றம். கண்ணுக்குத் தெரியாத குற்றம், ரம்பம் மேஜையின் நீளக் காடிக்கு இணையாக நில்லாமை. ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளமிட்டு, அதை முன்பக்கம் நிறுத்திக் காடியிலிருந்து அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி மறுபடியும் அளக்க வேண்டும். ஒரே பல்லை இரண்டு இடத்திலும் அளப்பதால் தகட்டின் கோணல் கணக்கில் குறுக்கிடாது. பலகையை அணைத்துச் செல்லும் நெடுஞ்சட்டமும் அதே காடிக்கு இணையாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் பின்முனை ரம்பத்தை நெருங்கியிருந்தால், அறுபட்டுவரும் பலகை இரண்டுக்கும் நடுவே இறுகி, மேலெழும் பற்களில் சிக்கி, தள்ளுகிறவர் மீதே எறியப்படும்.

பழைய ரம்பங்களில் காணாமற்போயிருப்பவை பெரும்பாலும் பாதுகாப்புக்காக ஏற்பட்ட உறுப்புகளே. மேல்மூடியையும், அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் பின்னால் நின்று காக்கும் தகட்டையும் பழைய சொந்தக்காரர்கள் இடைஞ்சல் என்று கழற்றி எங்கோ போட்டிருப்பார்கள். விரல் பட்ட ஐந்து மில்லி விநாடிக்குள் தானே நின்றுவிடும் ரம்பத்தை ஸ்டீபன் காஸ் என்ற பௌதிக அறிஞர் 1999 வாக்கில் உருவாக்கினார். அந்த ஏற்பாடு யந்திரத்தின் வயிற்றுக்குள் அமைவதாகையால் பழையவற்றில் பொருத்த இயலாது. ஆகவே பின்தகட்டை நாமே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்: ரம்பத் தகட்டின் உடலைவிடச் சற்றே தடித்தும், பற்கள் வெட்டும் பிளவைவிடச் சற்றே மெலிந்தும், ரம்பத்தோடு ஒரே நேர்கோட்டில் நிற்கும்படியும்.